கூச்சப்படுற பிள்ளையள் வாய் திறக்கோணும் எண்டா: திருகோணமலையில ஒரு சனிக்கிழமைக் குழு தொடங்கிற முழு வழி

திருக்கடலூர்ப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன் எங்கட சனிக்கிழமைக் குழுவுக்கு வந்து அஞ்சு கிழமை வாயே திறக்கேல்ல. பேர் கேட்டா நிலத்தைப் பாப்பான். ஆறாம் கிழமை ஒரு கயிறு இழுக்கிற விளையாட்டு, ஒரு பழைய மேசையில கயிறைக் கட்டி எல்லாரும் சேந்து இழுக்கோணும், ஆளுக்கொரு நேரம் இழுத்தபடியா மேசை அசையவே இல்லை. அப்பத்தான் பின்னால இருந்து மெல்லமா ஒரு சத்தம், "இப்பிடி இழுக்கேலாது அக்கா, அம்பா போடோணும்." கரைவலை இழுக்கேக்க ஒராள் அடி எடுத்துக் குடுக்க மற்றாக்கள் திருப்பிச் சொல்லிச் சேந்து இழுக்கிற பாட்டு அது, அவன்ட அப்பப்பா அடி எடுத்துக் குடுக்கிற ஆளாம். "அப்ப நீயே போடு" எண்டன். போட்டான். இருவது பிள்ளையளும் அவன்ட குரலுக்கு இழுத்துதுகள், மேசை மண்டபத்துக்குக் குறுக்கால போச்சு. அடுத்த கிழமை அவன் வாசல்ல நிண்டு வாறாக்களுக்கு அம்பா சொல்லிக் குடுத்துக்கொண்டு நிண்டான்.

நாங்கள் அவனுக்குத் தைரியம் எண்டு ஒண்டும் குடுக்கேல்ல. அவனுக்குத் தெரிஞ்ச ஒண்டு மற்றாக்களுக்குத் தேவைப்பட்டுது, அவ்வளவுதான் நடந்தது. இந்த வழிகாட்டி முழுக்க இதைத்தான் சொல்லப்போறன், உங்கட ஊரில உவர்மலையோ பாலையூற்றோ மூதூரோ கிண்ணியாவோ எங்க எண்டாலும் இப்பிடி ஒரு குழு தொடங்கிறதுக்கு என்னென்ன செய்யோணும், எதில நாங்கள் பிழை விட்டம் எண்டு.

பெரிய பிழை ஒண்டை முதல்லயே சொல்லிடுறன். முதல் வருசம் நாங்களும் எல்லாரும் செய்யிற மாதிரி ஒரு கலைவிழாதான் வைச்சம். பெரியாக்கள் எழுதின வசனம், வாடகை உடுப்பு, மைக், பிரதம விருந்தினர் எல்லாம் இருந்துது. விருந்தினர் ஒண்டரை மணித்தியாலம் பிந்தி வந்தார், பிள்ளையள் மேக்கப்போட வேர்த்து ஒழுகிக்கொண்டு நிண்டுதுகள், கடைசியா ஒரு பிள்ளை மேடையில வசனத்தை மறந்து அழுதிட்டுது. முன்வரிசையில சிரிச்சுச்சினம். அந்தப் பிள்ளை பேந்து வரவே இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி ரெண்டு தரம் வீட்டுக்குப் போனன், கதவுக்குப் பின்னால நிண்டு தலையை ஆட்டினாள். தன்னம்பிக்கை வளக்கிறம் எண்டு தொடங்கி, இருந்ததையும் உடைச்சுப் போட்டம். அதுக்குப் பிறகுதான் எல்லாத்தையும் மாத்தினம்.

முதல் படி: ஆக்களைச் சேக்கிறது

காசு, இடம் எல்லாத்துக்கும் முன்னால மூண்டு பெரியாக்கள் வேணும். ஒராளால ஏலாது, அவருக்குக் காய்ச்சல் வந்தா அண்டைக்குக் குழு இல்லை, ரெண்டு சனிக்கிழமை தொடந்து நிண்டுதெண்டா பிள்ளையள் மூண்டாவதுக்கு வராதுகள். மூண்டு பேரில ஒராளாவது பொம்பிளையா இருக்கோணும், இல்லாட்டி பெட்டைப் பிள்ளையளை அனுப்ப மாட்டினம். ஏ.எல். எழுதிட்டு ரிசல்ட் பாத்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கச்சியள் இந்த வேலைக்கு நல்ல பொருத்தம், அவையளுக்கு நேரமும் இருக்கு, பிள்ளையள் அவையளைப் பாத்து "நானும் இப்பிடி வருவன்" எண்டு நினைக்கிற வயசு வித்தியாசமும் இருக்கு.

பிள்ளையள் இருவது பேருக்கு மேல வேண்டாம். எட்டிலயிருந்து பன்னிரண்டு வயசு. நாப்பது பேர் வந்தா பெருமையாத்தான் இருக்கும், ஆனா நாப்பது பேரில கூச்சப்படுற பிள்ளை ஒளிச்சு நிக்க இடம் கிடைச்சிரும், அந்தப் பிள்ளைக்காகத்தானே தொடங்கினது.

சேக்கிற விதம்தான் முக்கியம். பள்ளிக்கூடத்தில கேட்டா மேடையில பேசுற, பரிசு வாங்கிற பிள்ளையளைத்தான் அனுப்புவினம். அதால நாங்கள் நேரா வீடுகளுக்குப் போனம், பாலர் பாடசாலை ரீச்சர்மாரிட்டக் கேட்டம், மாதர் சங்கத்துக் கூட்டத்தில கதைச்சம். "ஆரிட பிள்ளை ஆக்கள் வந்தா அறைக்குள்ள ஓடுது?" எண்டு கேளுங்கோ, உடன நாலு பேர் சொல்லுவினம். எல்லாம் கூச்சப்படுற பிள்ளையளா இருந்தாலும் சரிவராது, கலந்து எடுங்கோ. நடக்கக் கஸ்டப்படுற, காது கேக்காத பிள்ளை இருந்தா தேடிப்போய்ச் சேருங்கோ, அந்தத் தாய் கேக்க மாட்டா, நீங்கள்தான் கேக்கோணும்.

ரெண்டாம் படி: அனுமதியும் பாதுகாப்பும்

இதில அலட்சியம் வேண்டாம். முதல்ல கிராம சேவகரிட்டப் போங்கோ, பிறகு பிரதேச செயலகத்தில சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கோ, கலாசார உத்தியோகத்தரையும் பாத்தா மண்டபம் எடுக்க உதவி கிடைக்கலாம். கையில ஒரு பக்கக் கடிதம் கொண்டு போங்கோ: ஆர் நடத்திறது, எத்தினை பிள்ளையள், எங்க, எந்த நேரம், எத்தினை கிழமை. ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991 இல ஏற்றுக்கொண்டது, அதில 31ஆவது உறுப்புரை விளையாட்டுக்கும் கலைக்கும் பிள்ளைக்கு இருக்கிற உரிமையைச் சொல்லுது, 12ஆவது தன்ர விசயத்தில தன்ர கருத்தைச் சொல்லுற உரிமை. இந்த ரெண்டையும் கடிதத்தில ஒரு வரியாப் போடுங்கோ, நீங்கள் தயவு கேட்டு வரேல்ல எண்டு விளங்கும்.

எங்கட விதியள் இதுதான். ஒரு பெரியாளும் ஒரு பிள்ளையும் தனிய ஒரு அறையில இருக்கவே கூடாது, மூண்டாவது கண் ஒண்டு எப்பவும் இருக்கோணும். ஆர் கூட்டிக்கொண்டு போவினம் எண்டு கொப்பியில எழுதியிருக்கோணும், எழுதாத ஆளோட, மாமா எண்டு சொன்னாலும், அனுப்பிறேல்ல. பிள்ளையளிட படத்தை பேஸ்புக்கில போடுறதுமில்லை. ஒரு பிள்ளைக்கு ஆரோ தீங்கு செய்யினம் எண்டு தெரிஞ்சா நாங்களே விசாரிக்கப் போகாம 1929க்கு அடிக்கோணும், அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர இலக்கம். அந்த இலக்கத்தைச் சுவரில பிள்ளையளிட கண் மட்டத்தில ஒட்டி வைச்சிருக்கிறம், பெரியாக்களிட உயரத்தில இல்லை.

மூண்டாம் படி: இடமும் நேரமும்

கோயில் மண்டபம் லேசாக் கிடைக்கும், ஆனா முஸ்லிம் பிள்ளையும் வேதக்காரப் பிள்ளையும் தயங்கும். பள்ளிக்கூட வகுப்பறையில பிள்ளை தானாவே வகுப்புப் பிள்ளையா மாறிரும், கையைக் கட்டிக்கொண்டு இருந்திரும். வாசிகசாலை, பலநோக்கு மண்டபம், சனிக்கிழமையில சும்மா கிடக்கிற பாலர் பாடசாலை இதுகள் நல்லம். மலசலகூடம் இருக்கோ, கதவுக்குக் கொண்டி இருக்கோ எண்டு போய்ப் பாருங்கோ. பெட்டைப் பிள்ளையள் வராம விட்டதுக்கு இது ஒரு காரணம் எண்டு எங்களுக்குக் கன நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

நேரம் சனிக்கிழமை மூண்டரையிலயிருந்து அஞ்சரை. காலமை ரியூசன், ஞாயிறு காலமை அறநெறி, கிழமை நாளில பின்னேரம் மத்ரசா, மிஞ்சிறது இதுதான். அஞ்சரைக்கு முடிச்சா இருட்ட முதல் வீடு போய்ச் சேருவினம். பன்னிரண்டு கிழமை ஒரு சுற்று. வாடைக்காத்து மழை ஐப்பசியில தொடங்கித் தை வரைக்கும் கொட்டும், அதால மாசியில தொடங்குங்கோ. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில தகர மண்டபத்துக்குள்ள இருக்கவே ஏலாது, வேம்புக்குக் கீழ பாய் போடுங்கோ. புலமைப் பரிசில் நெருங்கேக்க அஞ்சாம் ஆண்டுப் பிள்ளையள் காணாமப் போவினம், அதுக்குக் கோவிக்கக் கூடாது, திரும்பி வரேக்க இடம் இருக்கு எண்டு மட்டும் சொல்லி அனுப்புங்கோ.

நாலாம் படி: சாமான்

இதுக்குக் காசு கனக்க வேண்டாம். டிமை பேப்பர், பெஸ்டல், கம், கத்திரிக்கோல் அஞ்சாறு. மிச்சமெல்லாம் ஊருக்குள்ள கிடக்கு: சிரட்டை, பனையோலை, காட்போட் பெட்டி, பழைய சாரி, கிழிஞ்ச வலைத்துண்டு, குளத்துக் களிமண். கரையில ஒதுங்கின சிப்பி பொறுக்கலாம், ஆனா நிலாவெளிக்கு முன்னால இருக்கிற புறாமலைத் தீவுப் பக்கம் போனா ஒண்டையும் எடுக்க விடாதேங்கோ, அது 2003 இலயிருந்து தேசியப் பூங்கா, முருகைக்கல் துண்டு கூட எடுக்கக் கூடாது. ஏன் எண்டு பிள்ளையளுக்கு விளங்கப்படுத்தினா அதுவே ஒரு நாள் பாடம்.

பன்னிரண்டு கிழமையையும் எப்பிடிக் கொண்டு போறது

முதல் ரெண்டு கிழமை ஒரு பிள்ளையையும் தனிய எழும்பி நிக்க வைக்காதேங்கோ. "எழும்பிப் பேரைச் சொல்லு" எண்டதுதான் கூச்சப்படுற பிள்ளைக்குப் பெரிய வதை. வட்டமா இருங்கோ, பேரோட ஒரு அசைவு, கை தட்டலாம், தோளைக் குலுக்கலாம், மற்ற எல்லாரும் அந்தப் பேரையும் அசைவையும் திருப்பிச் செய்யோணும். பேர் சொல்ல ஏலாத பிள்ளை அசைவை மட்டும் செய்யலாம். தன்ர அசைவை இருவது பேர் திருப்பிச் செய்யிறதைப் பாக்கேக்க பிள்ளையின்ர முகம் மாறுறதை நீங்களே காணுவீங்கள்.

மூண்டு, நாலு கை வேலை. களிமண் குடுங்கோ, "என்ன செய்யோணும்" எண்டு கேப்பினம், "உனக்கு விருப்பமானது" எண்டு சொல்லிட்டுப் பேசாம இருங்கோ. முதல் கிழமை எல்லாரும் பக்கத்துப் பிள்ளை செய்யிறதையே செய்வினம், பரவாயில்லை. ரெண்டாம் கிழமை ஆரோ ஒராள் வேற செய்யும். கோட்டைப் பக்கம், கடற்கரைப் பக்கம் திரியிற புள்ளிமானை எங்கட பிள்ளையள் கனக்கச் செய்யுதுகள், கொம்பு ஒட்டாம விழுந்துகொண்டே இருக்கும், பிள்ளையள் திரும்பத் திரும்ப ஒட்டுதுகள். அந்தக் கொம்பை நீங்கள் ஒட்டிக் குடுக்காதேங்கோ. கை பரபரக்கும், ஆனாலும் பொறுங்கோ.

அல்பேர்ட் பண்டுரா எண்ட உளவியலாளர் 1977 இல எழுதினதை இந்த இடத்தில சொல்லோணும். "என்னால ஏலும்" எண்ட நம்பிக்கை நாலு பக்கத்தால வருது எண்டார். தானே செய்து முடிச்ச அனுபவம், தன்னைப் போல ஒராள் செய்யிறதைப் பாக்கிறது, மற்றாக்கள் சொல்லுற உற்சாக வார்த்தை, அந்த நேரம் உடம்பும் மனசும் இருக்கிற நிலை. இதில பலமானது முதலாவது. நாங்கள் பெரியாக்கள் மூண்டாவதை மட்டும் பிடிச்சுக்கொண்டு "உன்னால ஏலும், பயப்பிடாத" எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறம், பிள்ளையின்ர கை நடுங்குது, வயிறு கலங்குது, அது நாலாவது, அதை ஆரும் பாக்கிறேல்ல. கொம்பை நீங்கள் ஒட்டிக் குடுத்தா முதலாவதை அந்தப் பிள்ளையிட்ட இருந்து பறிச்சிருவீங்கள்.

அஞ்சு, ஆறு, ஏழு கதை சேக்கிறது. எனக்கு இதுதான் நெஞ்சுக்குக் கிட்டவான கிழமையள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில ஒரு வயசான ஆளிட்ட மூண்டு கேள்வி கேட்டுக்கொண்டு வரோணும்: நீங்கள் சின்னனில என்ன விளையாடினீங்கள், இந்த ஊரில இப்ப இல்லாத ஒண்டு என்ன, உங்களுக்கு ஆர் கதை சொன்னது. கன்னியா வெந்நீரூற்று ஏழையும் ராவணன் தாயின்ர கிரியைக்காக உண்டாக்கின கதை எத்தினை விதமா வந்துது தெரியுமோ! கோணேசர் மலையில ராவணன் வெட்டுக் கதை, தம்பலகாமத்து வயல் காவல் கதை, கிண்ணியாப் பிள்ளை ஒண்டு பாலம் வர முந்தி வாப்பா துறையைக் கடந்த கதையைக் கொண்டு வந்துது, பாலம் 2009 இலதான் திறந்தது, அந்தப் பிள்ளைக்கு அது ராவணன் காலத்துக் கதை மாதிரி. புத்தகத்தில இல்லாத ஒண்டைத் தன்ர வீட்டில இருந்து கொண்டு வந்த பிள்ளை அண்டைக்குச் சத்தமாக் கதைக்கும். அம்பாப் பெடியனும் இந்தக் கிழமைகளிலதான் திறந்தான்.

ஒரு கவனம். மூண்டு கேள்வியில சண்டைக் காலம் பற்றியோ சுனாமி பற்றியோ நீங்களாக் கேக்க வைக்காதேங்கோ. தானா வந்தா கேளுங்கோ, தோண்டாதேங்கோ. பிள்ளை ஒரு படம் கீறி அதில பயமான ஒண்டு இருந்தா அதுக்கு விளக்கம் சொல்லவும் வேண்டாம், "இதைப் பற்றி ஏதும் சொல்ல விருப்பமோ" எண்டு கேட்டுட்டுப் பக்கத்தில இருங்கோ. தொடர்ந்து நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை எண்டு தெரிஞ்சா தாயோட கதைச்சு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கோ, தேசிய மனநல நிறுவகத்தின்ர 1926 இலக்கத்துக்கும் அடிச்சுக் கேக்கலாம். நாங்கள் கலை செய்யிற ஆக்கள், வைத்தியம் எங்கட வேலை இல்லை.

எட்டு, ஒன்பது, பத்து சேந்து ஒண்டு உருவாக்கிறது. சேத்த கதையில எது நாடகமா வரோணும், எது படமா, எது பாட்டா எண்டு பிள்ளையளே தீர்மானிக்கோணும், கை உயர்த்தி இல்லை, சிப்பி போட்டு. கை உயர்த்தினா சத்தமான பிள்ளையைப் பாத்துத்தான் மற்றது உயர்த்தும், சிப்பியை மூடின பெட்டிக்குள்ள போட்டா கூச்சப்படுற பிள்ளைக்கும் ஒரு வாக்கு இருக்கு. ஒரு சுற்றில பிள்ளையள் எடுத்தது, சோத்துப் பாசல் சுத்துற பிளாஸ்ரிக் லஞ்ச் சீற்றை மான் தின்னுற கதை. வசனம் ஒருத்தரும் எழுதேல்ல. "மான் சீற்றைத் தின்னப் போகுது, நீ என்ன செய்வாய்?" எண்டு கேட்டு, செய்து பாத்து, அப்பிடியே வளந்துது. அதால மறக்கிறதுக்கு வசனமே இல்லை. மறந்தாலும் வேற சொல்லலாம்.

இந்தக் கிழமைகளிலதான் சண்டையும் வரும், ஒராள் எல்லாத்தையும் நடத்தப் பாக்கும். பொறுப்புகளைப் பிரியுங்கோ: தாளம் ஒராள், விளக்கு ஒராள், உடுப்பு ஒராள், நேரம் பாக்க ஒராள். கதைக்க விரும்பாத பிள்ளைக்குத் தாளத்தைக் குடுங்கோ, அவன் அடிக்காட்டி நாடகம் தொடங்காது எண்டு வையுங்கோ.

பதினொண்டு ஒத்திகை, அதைப் பற்றிச் சொல்ல ஒண்டுமில்லை, ரெண்டு தரத்துக்கு மேல செய்யாதேங்கோ.

பன்னிரண்டாம் கிழமை காட்டுற நாள். பிரதம விருந்தினர் இல்லை, பொன்னாடை இல்லை, மாலை இல்லை, உரை இல்லை. கதிரை வரிசையும் இல்லை. மண்டபத்தைச் சுத்தி மேசை மேசையா பிள்ளையள் நிப்பினம், தாய் தகப்பன், அம்மம்மா, பக்கத்து வீட்டு ஆக்கள் சுத்தி வந்து பாப்பினம், பிள்ளை ரெண்டு மூண்டு பேருக்குத்தான் ஒரு நேரத்தில விளங்கப்படுத்தும். இருநூறு பேருக்கு முன்னால ஒருக்கா கதைக்கிறதை விட ரெண்டு பேருக்கு இருவது தரம் கதைக்கிற பிள்ளை எவ்வளவு நிமிர்ந்து நிக்குது எண்டு பாருங்கோ. நாடகம் கடைசியாப் பத்து நிமிசம், நிலத்தில, ஆக்கள் சுத்தி இருக்க. முதலாம் ரெண்டாம் மூண்டாம் இடமும் வேண்டவே வேண்டாம், பள்ளிக்கூடம் அதைப் போதுமான அளவு குடுக்குது.

பாராட்டுறது எப்பிடி

"கெட்டிக்காரி", "சூப்பர்" எண்டு சொல்லிச் சொல்லிப் பழகின எங்களுக்கு இது கஸ்டம். கிளோடியா முல்லர், கரோல் டுவெக் எண்ட ரெண்டு ஆய்வாளர்களும் 1998 இல வெளியிட்ட ஆய்வில, புத்திசாலி எண்டு பாராட்டின பிள்ளையள் பிறகு கஸ்டமான வேலையில தோத்தவுடன சோந்து போச்சினம், முயற்சியைப் பாராட்டின பிள்ளையள் தொடந்து செய்து பாத்தினம். அதால கண்ணால கண்டதைச் சொல்லுங்கோ. "அந்தக் கொம்பை நாலு தரம் ஒட்டினாய்." "அவன் கதைச்சு முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டாய்." பிள்ளை உங்களை நிமிந்து பாக்கும், தன்னை ஒராள் வடிவாக் கவனிச்சிருக்கு எண்டு அதுக்குத் தெரியும். பிழை விட்டா சிரிக்கிறேல்ல எண்டது எங்கட குழுவின்ர ஒரே பெரிய சட்டம், அது பெரியாக்களுக்கும்தான், முதல்ல பெரியாக்களுக்குத்தான்.

மூண்டு சமூகமும் இருக்கிற ஊர்

தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சிங்களப் பிள்ளை ஒரே கடற்கரையில விளையாடினாலும் ஒரே மண்டபத்துக்குள்ள வாறது குறைவு. இதுக்கு எங்களுக்குப் பக்கத்திலயே ஒரு முன்மாதிரி இருந்தது. மட்டக்களப்பில 1996 இல, சண்டை நடந்துகொண்டிருக்கேக்கயே, இயேசு சபைக் குருவானவர் போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கித் தமிழ், முஸ்லிம் பிள்ளையளை ஒண்டாச் சேத்துக் களிமண், கதை, பாட்டு, தோட்டம் எண்டு செய்ய வைச்சினம். அந்தக் காலத்தில அது எவ்வளவு பெரிய துணிச்சல்!

பாசை கலந்த குழு எண்டா சொல்லில தொடங்காதேங்கோ, தாளத்தில தொடங்குங்கோ. சிரட்டையில ஒராள் தட்டுறதை மற்றாள் திருப்பித் தட்டுறதுக்குப் பாசை தேவையில்லை. பிறகு ஒரே சாமானுக்கு மூண்டு பேர் சொல்லிக் குடுக்கிற விளையாட்டு. சாப்பாடு குடுத்தா எல்லாரும் தின்னக் கூடியதாக் குடுங்கோ, அவிச்ச கடலை, வாழைப்பழம் போதும். நோன்பு காலத்தில அதையும் நிப்பாட்டி, குழுவை நேரத்தோட முடியுங்கோ.

தாய் தகப்பன்

"இதால படிப்புக் குழம்பாதோ?" எண்டது எல்லா வீட்டிலயும் வரும். நியாயமான பயம்தான், கடலுக்குப் போற தகப்பனுக்குப் பிள்ளையின்ர படிப்புத்தான் கரை. வாதம் பண்ணாதேங்கோ. நாலாம் கிழமை தாய்மாரைக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் பிள்ளையளோட களிமண்ணில இருக்க விடுங்கோ. ஒரு அம்மா அண்டைக்கு ஒரு அடுப்பும் சட்டியும் செய்துபோட்டு எழும்பவே மனமில்லாம இருந்தவ, மகள் பக்கத்தில நிண்டு "எங்கட அம்மா செய்தது" எண்டு எல்லாருக்கும் காட்டினாள். அதுக்குப் பிறகு அந்த வீட்டில படிப்புக் கேள்வி வரேல்ல. வாட்ஸ்அப் குரூப் வையுங்கோ, ஆனா நேரம், இடம் சொல்ல மட்டும்.

மாற்றத்தை எப்பிடிப் பாக்கிறது

பிள்ளைக்குத் தன்னம்பிக்கைப் புள்ளி போடாதேங்கோ. ஒரு கொப்பியில ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு சனியும் முடிய மூண்டு பெரியாக்களும் இருந்து ஒரு வரி எழுதோணும், கண்டதை மட்டும். "இண்டைக்கு கம் கேட்டாள்." "பிழை எண்டு சொன்னான், பயப்பிடேல்ல." "தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்." பன்னிரண்டு வரியையும் கடைசியில சேத்து வாசிச்சா தெரியும். மூண்டு கிழமை ஒரு வரியும் எழுத வரேல்ல எண்டா அந்தப் பிள்ளையை நீங்கள் பாக்காம விட்டிருக்கிறியள், அடுத்த சனி அதுக்குப் பக்கத்தில போய் இருங்கோ.

சுற்று முடிய அப்பிடியே விட்டிடாதேங்கோ. அடுத்த சுற்றுக்குப் பழைய பிள்ளையளில நாலு பேரை உதவிக்கு எடுங்கோ, நல்லாச் செய்த நாலு பேரை இல்லை, கடைசியாத் திறந்த நாலு பேரை. எங்கட சாமான் அலுமாரித் திறப்பு இப்ப அந்த அம்பாப் பெடியனிட்டயும், இன்னொரு பெட்டைப் பிள்ளையிட்டயும்தான் இருக்கு. எத்தினை பெஸ்டல் போச்சு, எத்தினை வந்துது எண்டு அவையள்தான் கொப்பியில எழுதுவினம். போன சனி ஒண்டு குறைஞ்சு போச்சு, எல்லாரையும் நிப்பாட்டித் தேட வைச்சான். மேசைக்குக் கீழ இருந்துது.